கிருமி இருப்பது தெரிந்தால் சொல்லியாக வேண்டும்: அதற்கு ஒரு சட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவுப் பாதுகாப்பில் அரசு எந்த அளவுக்குத் தலையிடலாம் என்று உங்கள் நடுப்பக்கத்தில் வந்த இரண்டு கட்டுரைகளையும் படித்தேன். சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும், ஆய்வாளர்களைக் கூட்ட வேண்டும் என்கிறார் ஒருவர். கெடுபிடி அதிகமானால் தொழில் படுத்துவிடும், மோசமான பொருளை மக்களே ஒதுக்கிவிடுவார்கள் என்கிறார் மற்றவர். அரசியல் மேடைகளிலும் இந்த இரண்டு குரல்கள்தான் மாறிமாறிக் கேட்கின்றன. நான் ஓர் உணவு ஆலையின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். படிப்பு முடித்ததிலிருந்து இதே வேலைதான், ஆலைகள்தான் மாறியிருக்கின்றன. இரண்டு கட்டுரைகளும் தொடாமல் விட்ட ஒரு கேள்விதான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. பொருளில் கிருமி இருப்பது ஆலைக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டால், அதை அவர்கள் வெளியே யாரிடம் சொல்லியாக வேண்டும்? பல நாடுகளில், பல வகை உணவுக்கு, 'யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை' என்பதுதான் இன்றைக்கும் விடை. இதைச் சட்டம் போட்டு மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

மக்களே ஒதுக்கிவிடுவார்கள் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உப்புக் கூடிப்போனால், நமுத்துப்போனால், ஊசிப்போனால் ஒதுக்குவார்கள், சரி. சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமிக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. லிஸ்டீரியா என்ற கிருமி இன்னும் மோசம். குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே மெல்ல வளரும். உடம்புக்குள் போன பிறகு நோயாக வெளிப்பட 70 நாள்வரைகூட ஆகலாம். இரண்டு மாதத்துக்கு முன் என்ன சாப்பிட்டோம், எந்தக் கம்பெனி, எந்த பேட்ச் என்று யாருக்கு நினைவிருக்கும்? கர்ப்பிணிக்கு வந்தால் சாதாரணக் காய்ச்சல்போல வந்து போய்விடும், ஆனால் கரு கலைந்துவிடக்கூடும். எந்தச் சாப்பாட்டால் வந்தது என்றே தெரியாதவர் எதை ஒதுக்குவார்?

தென்னாப்பிரிக்காவில் 2017, 2018-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பதப்படுத்திய இறைச்சி மூலம் லிஸ்டீரியா பரவி, 1,060 பேர் நோய்வாய்ப்பட்டதாக உறுதியானது. 216 பேர் இறந்தார்கள். மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் லிஸ்டீரியா அதுவரை இல்லை. 2017 டிசம்பரில்தான் சேர்த்தார்கள். எந்த ஆலையிலிருந்து வந்தது என்பது 2018 மார்ச்சில்தான் தெரிந்தது, அதுவும் கிருமியின் மரபணு வரிசையை ஒப்பிட்டுப் பார்த்து. ஒரு நாட்டின் அரசுக்கும் அதன் ஆய்வகங்களுக்கும் அத்தனை மாதம் பிடித்த வேலை. அதைக் கடையில் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பாதுகாப்பற்ற உணவால் ஆண்டுக்குச் சுமார் 60 கோடிப் பேர் நோய்வாய்ப்படுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

சாப்பிடுபவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் ஆலைக்குள் பல நேரம் தெரிந்திருக்கிறது. என் மனத்தை அரிப்பது அதுதான்.

அமெரிக்காவில் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிலக்கடலை நிறுவனத்தின் கதை, எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. 2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலும் அதன் சரக்கிலிருந்து சால்மோனெல்லா பரவியது. 46 மாநிலங்களில் 714 பேருக்கு நோய் உறுதியானது, 9 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரியவந்தது என்ன? அந்த நிறுவனத்தின் சொந்தப் பரிசோதனைகளிலேயே 2007, 2008 ஆண்டுகளில் 12 முறை சால்மோனெல்லா பாசிட்டிவ் வந்திருக்கிறது. மறுபடி பரிசோதித்து, நெகட்டிவ் வந்ததும் சரக்கை அனுப்பியிருக்கிறார்கள். சில நேரம் மறு முடிவு வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பரிசோதனையே செய்யாத சரக்குக்கும் 'சுத்தம்' என்று சான்றிதழ் போயிருக்கிறது. மாநில ஆய்வாளர்கள் ஆலைக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆய்வக முடிவுகளை அவர்களிடம் காட்டச் சொல்லிச் சட்டம் இல்லாததால் யாரும் காட்டவில்லை. மக்கள் நோயில் விழுந்த பிறகு, உயிரித் தீவிரவாதத்தைத் தடுப்பதற்காக 2002-இல் போட்ட சட்டத்தைக் கையில் எடுத்துத்தான் மத்திய அதிகாரிகள் அந்தக் காகிதங்களை வாங்க முடிந்தது. நிறுவனத் தலைவருக்கு 2015-இல் 28 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். தண்டனை சரிதான். ஆனால் முதல் பாசிட்டிவ் வந்த நாளில் ஒரே ஒரு ரிப்போர்ட் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தால் அந்த 9 பேர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'மறுபடி பரிசோதித்தார்கள், நெகட்டிவ் வந்தது, அப்புறம் என்ன?' என்று சிலர் நினைக்கலாம். அதனால் இந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். சரக்கிலிருந்து 25 கிராம் எடுப்போம். அதை 225 மில்லி ஊட்ட நீரில் போட்டு, 37 டிகிரியில் ஓர் இரவு வைப்போம். பட்டினி கிடந்த, சூட்டில் அடிபட்ட கிருமிகூடத் தெம்பு பெற்றுப் பெருக வேண்டும் என்பதற்காக இது. பிறகு சால்மோனெல்லாவுக்கு மட்டும் வசதியான வேறு கரைசல்களுக்கு மாற்றி, அதற்கும் அடுத்த நாள் கிருமி வளர்க்கும் தட்டில் கோடாக இழுப்போம். சிவப்புத் தட்டில் நடுவில் கறுப்புப் பொட்டோடு புள்ளிகள் எழும்பினால் சந்தேகம் வலுத்துவிடும். அதை உறுதிசெய்ய இன்னும் சில நாள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு பேட்ச் 5 டன் என்றால், அதில் 25 கிராம் பங்குகள் 2 லட்சம் இருக்கும். கிருமி பொருள் முழுக்கச் சீராகக் கலந்திருப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். 2 லட்சத்தில் நான் எடுத்த ஒன்றில் கிருமி அகப்பட்டது என்றால் அந்தச் செய்திக்கு எடை அதிகம். அடுத்து எடுத்த மூன்றில் அகப்படவில்லை என்பதால் முதலில் கண்டது பொய்யாகிவிடாது. ஆய்வகத்திலேயே தவறுதலாகக் கிருமி கலந்துவிட்டது என்று காட்டினால் ஒழிய, பாசிட்டிவ் பாசிட்டிவ்தான். நெகட்டிவ் வரும்வரை சோதித்துக்கொண்டே இருப்பது வேண்டிய விடைக்காகக் காத்திருப்பது.

இது எனக்கு ஏட்டில் படித்துத் தெரிந்த விஷயம் மட்டும் இல்லை. முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், பொட்டலமிடும் லைனிலிருந்து வந்த மாதிரியில் பாசிட்டிவ் எழும்பியது. தட்டை மேலாளரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'லேபில் ஏதாவது கலந்திருக்கும்மா, மறுபடி போட்டுப் பாருங்க' என்றார். மறுபடி போட்டோம், நெகட்டிவ். அதே ஷிப்டில் சரக்கு வண்டி ஏறிவிட்டது. முதல் முடிவை நான் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதை அடிக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். அதற்குமேல் நான் எங்கே போவது? பொருள் என்னுடையது இல்லை, முடிவும் என்னுடையது இல்லை; வெளியே சொன்னால் கம்பெனி ரகசியத்தை வெளியிட்டதாக என் மேல்தான் வழக்கு வரும். அந்தச் சரக்கு யாருக்காவது கேடு செய்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இந்த இடத்தில்தான் தனியார் தணிக்கை கைகொடுக்கும் என்கிறார் இரண்டாவது கட்டுரையாளர். பெரிய வியாபாரிகள் தாங்கள் வாங்கும் ஆலைகளைத் தனியார் தணிக்கையாளர்களை வைத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள், அரசு அதில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்பது அவர் கருத்து. மேலே சொன்ன நிலக்கடலை ஆலைக்கும் 2008-இல் ஒரு தனியார் தணிக்கை நடந்தது. 'மிகச் சிறப்பு' என்று மதிப்பெண் கொடுத்தார்கள். 2011-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜென்சன் என்ற பண்ணையின் முலாம்பழத்திலிருந்து லிஸ்டீரியா பரவி 33 பேர் இறந்தார்கள். நோய் பரவுவதற்குச் சற்று முன்னர்தான் அந்தப் பண்ணையின் பொட்டலக் கூடத்துக்கு நூற்றுக்கு 96 போட்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் தணிக்கைக்குப் பணம் கட்டியவர் தணிக்கை செய்யப்பட்டவரே. குறைந்த மதிப்பெண் போடுகிறவரை அடுத்த ஆண்டு யார் கூப்பிடுவார்கள்? தணிக்கையாளர்களில் நல்லவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் தவறுகளைச் சுட்டிக்காட்டி எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களே அவர்களில் உண்டு. ஆனால் சொல்லிவிட்டு வருகிறார்கள். வரும் நாள் முன்பே தெரிவதால் தரை காய்ந்திருக்கும், உடைந்த ரப்பர் விளிம்பு மாறியிருக்கும், வேலையாட்கள் புதுத் தொப்பியில் நிற்பார்கள்.

பதிவேடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர் அறையின் வெப்பநிலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும் என்பது விதி. உண்மையான தாளில் எண்கள் அலையும். 3.1 இருக்கும், 4.4 இருக்கும், சரக்கு ஏற்றக் கதவு திறந்திருந்த நேரத்தில் 6.2-கூட இருக்கும், பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும், தாளின் மூலையில் ஈரக் கை பட்ட கறை இருக்கும். உட்கார்ந்து எழுதிய தாளில் காலையிலிருந்து இரவுவரை 4.0, 4.0, 4.0, ஒரே பேனா, ஒரே சாய்வு. பார்த்தவுடன் தெரியும். தெரிந்தும் 'பதிவேடு முழுமையாக உள்ளது' என்று எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரசு ஆய்வாளர்களைக் கூட்டினால் போதும் என்கிற முதல் கட்டுரையாளரிடமும் எனக்கு இதே கவலைதான். 2005-இல் பிரிட்டனின் தென் வேல்ஸில் பள்ளிகளுக்கு இறைச்சி அனுப்பிய ஒரு வியாபாரியால் ஈ.கோலி ஓ157 என்ற குடல் கிருமி பரவியது. 150-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். பச்சை இறைச்சிக்கும் சமைத்த இறைச்சிக்கும் ஒரே வெற்றிடப் பொட்டல இயந்திரத்தை அந்த வியாபாரி பயன்படுத்தியிருக்கிறார். பதிவேடுகள் பொய்யாக எழுதப்பட்டவை. அங்கும் அரசு ஆய்வாளர்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் தலைமையிலான விசாரணைக் குழு 2009-இல் அறிக்கை கொடுத்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பதுதான் ஆய்வு என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

அண்மைக்கால உதாரணமும் இருக்கிறது. 2024-இல் அமெரிக்காவில் போர்ஸ் ஹெட் என்ற இறைச்சி நிறுவனத்தின் வர்ஜீனியா ஆலையிலிருந்து லிஸ்டீரியா பரவி 10 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஓராண்டில் ஆய்வாளர்கள் அந்த ஆலையில் 69 விதிமீறல்களை எழுதிவைத்திருந்தார்கள். பூஞ்சை, பூச்சி, தரையில் தேங்கிய இறைச்சி நீர், எல்லாம் எழுத்தில் இருந்தது. ஆலை ஓடிக்கொண்டே இருந்தது. ஆகவே ஆள் மட்டும் போதாது. எழுதியதை வைத்து நிறுத்தும் துணிவை அந்த ஆளுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும், அவருக்கு மேலே இருப்பவர் தடுக்கக் கூடாது.

சீனாவில் 2008-இல் நடந்தது நேர் எதிரான கதை. நல்ல பெயரெடுத்த நிறுவனங்களுக்கு அரசு ஆய்விலிருந்து விலக்கு என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். சான்லு என்ற பால்மாவு நிறுவனத்துக்கும் அந்த விலக்கு இருந்தது. நீர் கலந்த பாலில் புரதம் குறைவாகக் காட்டுமே என்று, பால் சேகரித்துக் கொடுத்த இடைத்தரகர்கள் அதில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் வேதிப்பொருளைக் கலந்திருக்கிறார்கள். புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை உண்மையில் அளப்பது நைட்ரஜனை; மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். அந்த விலக்குத் திட்டத்தை அதே செப்டம்பரில் கைவிட்டார்கள். நம்பிக்கைக்கு உரியவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பால்மாவு டப்பாதான் கண்முன் வருகிறது.

சரி, சொல்லியாக வேண்டும் என்று சட்டம் போட்டால் நடக்குமா? நடந்திருக்கிறது. நிலக்கடலை விவகாரத்துக்குப் பிறகு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 2009-இல் ஒரு சட்டம் போட்டது. உணவு ஆலையின் பரிசோதனையில் கிருமியோ நஞ்சோ தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் மாநில அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். கனடாவில் 2008-இல் மேப்பிள் லீஃப் நிறுவனத்தின் ஆலையிலிருந்து வந்த இறைச்சியால் லிஸ்டீரியா பரவி 22 பேர் இறந்தார்கள். இறைச்சி சீவும் இயந்திரத்தின் உட்புறத்தில், கழுவும்போது கை எட்டாத இடத்தில், கிருமி குடியிருந்திருக்கிறது. லைன்களில் லிஸ்டீரியா திரும்பத் திரும்பத் தென்பட்டதை ஆலை முன்பே கண்டிருந்தது. அதை அரசிடம் சொல்லச் சட்டம் கேட்கவில்லை. 2009-இலிருந்து அங்கே அந்தச் சோதனையும் கட்டாயம், முடிவைச் சொல்வதும் கட்டாயம். அமெரிக்க மத்திய அரசும் 2009-இல், ஆபத்தான உணவைப் பற்றி ஆலைகள் தெரிவிக்க ஒரு பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கிருமி ஆலைக்குள்ளேயே ஏற்பட்டு, சரக்கு வெளியேறும் முன் கண்டுபிடித்து அழித்துவிட்டாலோ சரிசெய்துவிட்டாலோ சொல்லத் தேவையில்லை. ஒரு பேட்சை அழிக்கலாம். கிருமி லைனில் குடியிருந்தால் அடுத்த பேட்சிலும் அதுவே வரும். ஒரே ஆலையில் மாதாமாதம் பாசிட்டிவ் வருகிறது என்பது வெளியே ஒருவருக்குத் தெரிந்தால்தான் அது குடியிருக்கிறது என்பது புரியும்.

இதற்கு எதிராக நான் கேட்ட வாதங்களில் வலுவானது ஒன்றுதான். சொன்னால் தண்டனை என்றால் யாரும் தேடவே மாட்டார்கள், தேடாதவனுக்குக் கிருமி தெரியாது, தெரியாதவனுக்குக் குற்றமில்லை. இதை என்னால் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இது உண்மை. எங்கே ஸ்வாப், அதாவது மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சி, தேய்த்தால் கிருமி கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியும்: கன்வேயர் மூட்டின் அடிப்பக்கம், உள்ளே கூடான உருளை, கதவின் ரப்பர் விளிம்பு, வடிகால் மூடி, தரை தள்ளும் கட்டையின் ரப்பர். எங்கே தேய்த்தால் கிடைக்காது என்பதும் தெரியும்: கிருமிநாசினி தெளித்துக் காய்ந்த எஃகு மேஜையின் நட்டநடு. யாருக்கு எது வேண்டுமோ அதைக் காட்டலாம். அதனால் வெறுமனே 'சொல்' என்று மட்டும் சட்டம் போட்டால் மேஜை நடுவை மட்டுமே தேய்க்கும் ஆலைகள் பெருகும்.

இதற்குத் தொழிலுக்குள்ளேயே விடை இருக்கிறது. ஆலையை நாங்கள் நான்கு மண்டலமாகப் பிரிப்போம். உணவு படும் பரப்பு முதல் மண்டலம். அதை ஒட்டிய இயந்திரப் பாகங்கள் இரண்டாவது. தரை, சுவர், வடிகால் மூன்றாவது. உற்பத்திக் கூடத்துக்கு வெளியே இருக்கும் நடைபாதை, உடை மாற்றும் அறை நான்காவது. ஒவ்வொரு மண்டலத்திலும் குறைந்தது எத்தனை ஸ்வாப், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று சட்டம் சொல்லட்டும். கழுவி முடித்த உடனே எடுக்கக் கூடாது, லைன் மூன்று மணி நேரமாவது ஓடிய பிறகு எடுக்க வேண்டும் என்று சொல்லட்டும். ஓடும்போதுதான் மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் கிருமி வெளியே வரும். மூன்றாவது, நான்காவது மண்டலத்தில் பாசிட்டிவ் வந்தால் தண்டனையே வேண்டாம். வடிகாலில் கிருமியைக் கண்டுபிடித்த ஆலை நன்றாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். ஆண்டு முழுக்க ஒரு பாசிட்டிவ்கூட அனுப்பாத ஆலைக்குத்தான் ஆய்வாளர் முதலில் போக வேண்டும். தண்டனை மறைத்ததற்கு மட்டும் இருக்கட்டும், அது கடுமையாக இருக்கட்டும்.

இன்னொன்று: முடிவு ஆலையிலிருந்து மட்டும் போகக் கூடாது. வெளி ஆய்வகத்தில் செய்த சோதனை என்றால் அந்த ஆய்வகமும் நேரடியாக அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட சில தொற்றுநோய்களுக்கு மருத்துவ ஆய்வகங்கள் பல நாடுகளில் இதைத்தான் செய்கின்றன. நோயாளியிடம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை. உணவு ஆய்வகம் மட்டும் ஏன் பணம் கட்டியவரிடம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்? சொன்ன ஊழியரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, அவர்மேல் ரகசியக் காப்பு வழக்குப் போடக் கூடாது என்பதையும் அதே சட்டத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் எங்களில் யார் துணிவார்கள்?

யாரிடம் சொல்வது என்பதும் முக்கியம். பிரிட்டனில் பித்துப்பிடித்த மாட்டு நோய் பரவியபோது, விவசாயத்தை வளர்க்க வேண்டிய அமைச்சகமே சாப்பிடுபவரையும் காக்க வேண்டியிருந்தது. 1990-இல் விவசாய அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்கள் முன்னால் தன் மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை ஊட்டக் கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டினார். 1996 மார்ச்சில், மனிதர்களுக்கு வந்த மூளை நோய்க்கு அந்த மாட்டு நோயே காரணமாக இருக்கக்கூடும் என்று அரசே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த நோயில் பிரிட்டனில் மட்டும் 178 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் 2000-இல் உணவுத் தர முகமை தனியாக உருவானது. விற்பனையைப் பெருக்கும் பொறுப்பில் இருப்பவரிடம் கெட்ட செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது அவர் மேஜையிலேயே தங்கிவிடும்.

சிறு தொழில் பற்றி இரண்டாவது கட்டுரையாளர் எழுதியதில் எனக்கு உடன்பாடு உண்டு. இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் பெரிய ஆலைக்கு உரிய அத்தனை படிவத்தையும் கேட்பது கொடுமை. அமெரிக்காவின் 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமே ஆண்டு விற்பனை 5 லட்சம் டாலருக்குள் இருந்து, பெரும்பகுதியை நேரடியாக விற்பவர்களுக்குப் பல தேவைகளில் தளர்வு கொடுத்தது. அவர்களுக்குச் சோதனைச் செலவை அரசு ஏற்கட்டும், படிவத்தை ஒரு பக்கமாகச் சுருக்கட்டும். ஆனால் தெரிந்ததைச் சொல்வதில் சிறியவர் பெரியவர் என்று பிரிக்க முடியாது. சொல்வதற்கு ஒரு தொலைபேசி அழைப்புதான் செலவு.

தொழில் படுத்துவிடும் என்ற பயத்துக்கும் பழைய கணக்கு இருக்கிறது. 1993-இல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கர் இறைச்சியால் ஈ.கோலி ஓ157 பரவி நான்கு குழந்தைகள் இறந்தார்கள். 700-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். அடுத்த ஆண்டு, அந்தக் கிருமி இருக்கும் அரைத்த மாட்டிறைச்சி கலப்படப் பொருள், விற்கக் கூடாது என்று அரசு அறிவித்தது. தொழில்துறை நீதிமன்றம் போனது, தோற்றது. பர்கர் விற்பனை நின்றுவிடவில்லை. ஆலைகள் சோதித்து, முடிவு வரும்வரை சரக்கை நிறுத்திவைக்கக் கற்றுக்கொண்டன. செலவை யார் ஏற்பது என்ற சண்டையும் புதிதல்ல. 1906-இல் இறைச்சி ஆய்வுச் சட்டம் வந்தபோது, ஆய்வுச் செலவை ஆலைகளே கட்டட்டும் என்றார் செனட்டர் பெவரிட்ஜ். ஆலைகள் எதிர்த்தன, கடைசியில் அரசே ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. கட்டணம் ஆலையிடம் வாங்கினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது பொது நிதிக்குப் போய், அங்கிருந்து ஆய்வாளருக்கு ஊதியமாக வர வேண்டும். ஆலை கையிலிருந்து அவர் கைக்கு நேராகப் போகக் கூடாது.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். உணவுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் கட்சிக்காரர்களிடம் கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆலைக்குள் பாசிட்டிவ் வந்தால் எத்தனை மணி நேரத்தில் யாருக்குத் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். சொன்ன ஊழியருக்கு என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். பதிலை அவர்கள் பெயரோடு அச்சிடுங்கள்.

என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். இப்போது நான் இருக்கும் ஆலையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. இங்கே பாசிட்டிவ் வந்தால் லைன் நிற்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் வாய் திறந்தவர் என்று பெயர் வந்துவிட்டால் வேறு ஆலைகளில் வேலை கிடைப்பது கஷ்டம்.

இப்படிக்கு,
உணவு ஆலை ஆய்வகத்தில் பணிபுரியும் ஒரு வாசகி